மனைவியின் நகையும் கடையின் முதலும்

 

இம்மாதப் பாடத்தை எழுதும்படி நம் சங்க நிர்வாகிகள் என்னிடம் கேட்டபோது நான் தயங்கினேன். மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததுமே என் கல்வி. மற்றவற்றைக் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் நின்று கற்றவன் நான். மார்க்கத் தீர்ப்புச் சொல்வது ஆலிம்களின் வேலை. ஆயினும் வியாபாரிகளுக்கு வியாபாரி ஒருவன் எடுத்துச் சொல்லத் தகுந்த பாடம் ஒன்று உண்டு. அது கணக்குப் பாடம். சென்ற ஆண்டு நடந்த ஒரு காரியம் என்னை அந்தப் பாடத்தைத் திரும்பவும் படிக்க வைத்தது.

நம்மவர் ஒருவர் திடீரென்று மௌத்தானார். பெயர் வேண்டாம். நல்ல மனிதர், ஐவேளையும் தொழுதவர். அவருக்கு ஆண் பிள்ளை இல்லை. மனைவியும் இரண்டு பெண் மக்களும், ஊரில் அண்ணன் தம்பிமார்களும் இருந்தனர். பாத்திஹாக்கள் முடிந்தபின் கடையைக் கணக்குப் பார்க்க ஐந்து பேர் உட்கார்ந்தோம். சரக்கை எண்ணினோம், வர வேண்டியது, கொடுக்க வேண்டியது எல்லாம் போட்டோம். எழுதிய கை என் கை.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து அந்த அம்மையார் ஒரு சொல் சொன்னார். கடை வைக்கும்போது தம் நகை முழுவதையும் கழற்றிக் கொடுத்ததாகவும், அது இந்தக் கடையில்தான் கிடக்கிறது என்றும் சொன்னார். எங்களில் பெரியவர் ஒருவர், “எழுத்து ஏதும் உண்டா, உம்மா?” என்று மரியாதையாகவே கேட்டார். அதற்கு அவர், “எனக்கும் அவுகளுக்கும் நடுவுல எழுத்து எதுக்குன்னு இருந்துட்டேன்” என்றார். அதற்குமேல் யாரும் ஒன்றும் பேசவில்லை. எழுத்து இல்லாததால் கடை முழுவதும் மையித்தின் சொத்து என்று வைத்துப் பங்கு பிரிக்கப்பட்டது. அந்த அம்மையாருக்கு எட்டில் ஒரு பங்கு கிடைத்தது. பங்கு சரியாகத்தான் பிரிக்கப்பட்டது. ஆனால் பிரிக்கப்பட்ட சொத்தில் அவருடைய சொந்தப் பணமும் கலந்திருந்தது. தம் பணத்திலேயே தமக்கு எட்டில் ஒன்று வாங்கிக்கொண்டு அவர் ஊருக்குப் போனார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பாடத்தைப் பார்ப்போம்.

அவள் சொத்து அவளுடையதே

நம் மார்க்கத்தில் பெண்ணுக்கு மூன்று வழிகளில் சொத்து வருகிறது. ஒன்று, மஹர். இரண்டு, பெற்றோரும் உறவினரும் விட்டுச் சென்றதில் அவளுடைய வாரிசுப் பங்கு. மூன்று, அவள் சொந்தமாக உழைத்தோ வியாபாரம் செய்தோ தேடியது. இவை தவிரத் தாய் வீட்டார் அன்பாகக் கொடுக்கும் நகையும் பாத்திரமும் உண்டு. இவை யாவும் அவளுக்கே சொந்தம். நிக்காஹ் முடிந்தவுடன் மனைவியின் பொருள் கணவனுக்கு மாறிவிடும் என்று ஷரீஅத்தில் எந்த இடத்திலும் இல்லை.

அன்னிஸா என்னும் நான்காம் அத்தியாயத்தை ஓதிப் பாருங்கள். அந்த அத்தியாயத்தின் பெயரே பெண்கள் என்பதாகும். அதன் 7-ஆம் வசனம், பெற்றோர் விட்டுச் சென்றதில் ஆண்களுக்குப் பங்கு இருப்பது போலவே பெண்களுக்கும் பங்கு உண்டு, அது கொஞ்சமாயினும் அதிகமாயினும் சரியே என்ற கருத்தைத் தருகிறது. 32-ஆம் வசனம், ஆண்கள் தேடியதில் ஆண்களுக்குப் பங்கு, பெண்கள் தேடியதில் பெண்களுக்குப் பங்கு என்ற கருத்தைத் தருகிறது.

இங்கிலாந்து தேசத்தில் மணமான பெண்ணின் கையிலுள்ள பணமும் பொருளும் கணவனைச் சேர்ந்தவை என்பதே நெடுங்காலம் பொதுச் சட்டமாக இருந்தது. 1870-இல் வந்த சட்டம் அவள் சம்பாதித்த கூலியை அவளுக்கு விட்டது. 1882-இல் வந்த சட்டம்தான் அவள் சொத்து முழுவதையும் அவள் பெயரில் வைத்துக்கொள்ள இடம் கொடுத்தது. நம் கூட்டங்களில் இதை எடுத்துச் சொல்லி, நமக்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த உரிமை வந்துவிட்டது என்று பெருமை பேசுகிறோம். பெருமை நியாயமானதுதான். ஆனால் ஏட்டில் இருக்கும் உரிமை நம் கடைப் பேரேட்டில் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

நம்மவர் வழக்கம் மார்க்கத்தை மறைத்ததும் உண்டு. இந்தியாவில் பல பகுதிகளில் ஊர் வழக்கம் என்று சொல்லி முஸ்லிம் பெண்களுக்கு வாரிசுப் பங்கு கொடுக்காமல் இருந்தார்கள். 1937-இல் ஷரீஅத் சட்டம் வந்துதான் வழக்கத்தைத் தள்ளி மார்க்கச் சட்டத்தை நிறுத்தியது. அதிலும் விவசாய நிலம் விடுபட்டிருந்தது. சென்னை மாகாணத்தில் 1949-இல் திருத்தம் கொண்டுவந்து அந்தக் குறையை நீக்கினார்கள். நம் கடற்கரை ஊர்களான காயல்பட்டினம், கீழக்கரை முதலிய இடங்களிலோ மகளுக்கு வீடு கொடுத்து, மருமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வது தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஆகவே பெண்ணின் பெயரில் சொத்து இருப்பது நமக்குப் புதியது அன்று. அவளுடைய வீடு ஊரில் பத்திரமாக நிற்கிறது. அவளுடைய நகைதான் கப்பலேறி வந்து கடையில் கரைந்துவிடுகிறது.

மனமுவந்து என்ற சொல்

அதே அத்தியாயத்தின் 4-ஆம் வசனத்தை வியாபாரிகள் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டும். பெண்களுக்கு அவர்களுடைய மஹரைக் கொடுத்துவிடுங்கள், அதிலிருந்து எதையேனும் அவர்களாகவே மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அதை அனுபவிக்கலாம் என்பது அதன் கருத்து. இங்கே திறவுகோல் மனமுவந்து என்பதே.

மனமுவந்து கொடுப்பது வேறு. மறுக்க வழியில்லாமல் கொடுப்பது வேறு. கடைக்கு முன்பணம் கட்ட நாளைக் காலைதான் கெடு என்று சொல்லிக்கொண்டு கணவன் முகம் வாடி உட்கார்ந்திருக்கும்போது, காப்பைக் கழற்றாமல் எந்தப் பெண் இருப்பாள்? அவள் கழற்றியது உண்மை. ஆனால் அதை இனாமாகக் கொடுத்தாளா, கடனாகக் கொடுத்தாளா என்று நாம் கேட்டோமா? வாப்பா மௌத்தாகி நாற்பது நாள் ஆகுமுன், சாப்பாட்டு சஹனை நடுவில் வைத்துக்கொண்டு, “தங்கச்சி, உனக்கென்ன குறை, ஒரு கையெழுத்துப் போட்டுடு” என்று அண்ணன்மார்கள் கேட்பதும் இவ்வகையே. அந்தக் கையெழுத்தை மனமுவந்து போட்டதென்று மறுமையில் காட்ட முடியுமா?

புகாரி ஹதீஸில் ஒரு சம்பவம் வருகிறது. அப்துல்லாஹ் இப்னு மஸ்வூது (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி) அவர்கள் தம் பணத்திலிருந்து கணவருக்கும், தம் பொறுப்பிலிருந்த அநாதைப் பிள்ளைகளுக்கும் செலவிட்டு வந்தார்கள். இப்படிச் செலவிடுவது தருமமாக ஏற்றுக்கொள்ளப்படுமா என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டு வரச் சொன்னார்கள். அவருக்கு இரண்டு கூலி உண்டு, உறவைப் பேணிய கூலியும் தருமம் செய்த கூலியும் என்று பதில் வந்தது. சகோதரர்களே, இதைச் சற்று யோசியுங்கள். மனைவி கணவனுக்குக் கொடுப்பது தருமமாகிறது என்றால், அது அவளுடைய பணம் என்பதால்தானே? ஒருவன் தனக்குத் தானே தருமம் செய்துகொள்ள முடியாது.

முதல் போட்டவர் கதீஜா நாயகியார்

நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவம் பெறுவதற்கு முன் ஷாம் தேசத்துக்கு வியாபாரம் சென்றது நாம் குழந்தைப் பருவம் முதல் கேட்ட வரலாறு. சரக்கு யாருடையது? கதீஜா (ரலி) அவர்களுடையது. மக்கா நகரில் பெரும் செல்வர் அவர்கள். நம்பிக்கையான ஆள் கையில் சரக்கைக் கொடுத்து, இலாபத்தில் பங்கு பேசி அனுப்புவது அவர்கள் வழக்கம். இதைத்தான் நம் ஃபிக்ஹு கிதாபுகள் முளாரபா என்று சொல்கின்றன. ஒருவர் முதல் போடுகிறார், மற்றவர் உழைக்கிறார், இலாபம் பேசியபடி பிரிகிறது.

நாம் மீலாது மேடைகளில் நாயகம் அவர்களின் நேர்மையைச் சொல்லுகிறோம். அந்த நேர்மை எதில் வெளிப்பட்டது? ஒரு பெண்ணின் முதலுக்குச் சரியான கணக்கு ஒப்படைத்ததில் வெளிப்பட்டது. போய் வந்த பின் வரவு செலவை அந்த அம்மையாரிடம் வைத்தார்கள். அதன் பிறகே நிக்காஹ் நடந்தது. வியாபாரிகளாகிய நமக்கு இதைவிடப் பெரிய சுன்னத்து வேறென்ன வேண்டும்?

நாம் வாழும் ஊரிலேயே ஓர் உதாரணம் கல்லும் சுண்ணாம்புமாக நிற்கிறது. சிங்கப்பூர் பீச் ரோட்டுப் பக்கம் இருக்கும் ஹாஜா ஃபாத்திமா பள்ளிவாசலை அறியாதவர் இல்லை. மலாக்காவில் பிறந்து, கப்பல் வியாபாரம் நடத்திப் பொருள் தேடியவர் அந்த அம்மையார். அவர் குடியிருந்த இடத்தில் 1840-களில் தம் பணத்தைக் கொண்டு அப்பள்ளியைக் கட்டினார். 1973 முதல் அது தேசிய நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. பெண்களுக்கு வியாபாரக் கணக்குத் தெரியாது என்று சொல்லும் நண்பர்கள் அடுத்த ஜும்ஆவை அங்கே போய்த் தொழுது வரலாம்.

பெயரும் சொத்தும்

இன்னொன்றையும் கவனியுங்கள். கதீஜா நாயகியார் நிக்காஹுக்குப் பிறகும் குவைலிதின் மகள் கதீஜா என்றே அழைக்கப்பட்டார்கள். கணவர் பெயரைத் தம் பெயரோடு சேர்க்கவில்லை. இந்நாட்டு அடையாள அட்டையிலும் நம் பெண்கள் பெயருக்குப் பின் பிந்தி என்று போட்டுத் தகப்பன் பெயரே இருக்கிறது. கணவன் பெயர் இல்லை. பெயர் மாறாதது போலவே சொத்தும் மாறாது என்பதே இதில் நமக்குப் படிப்பினை.

ஆனால் நடைமுறையில் நம் பெண்களின் பெயர் எங்கே கேட்கிறது? கல்யாணப் பத்திரிகையில் இன்னார் மகள், பிறகு இன்னார் வீட்டார், கடைசியில் இன்னார் தாயார். நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் என்ற அம்மையார் 1938-இல் ‘காதலா கடமையா’ என்ற நாவலைத் தம் சொந்தப் பெயரிலேயே வெளியிட்டார். உ. வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை தந்தார். பள்ளிப் படிப்பு மிகக் கொஞ்சமே உடைய ஒரு முஸ்லிம் பெண் அக்காலத்தில் தம் பெயரை அச்சில் ஏற்றினார். இன்று பட்டம் பெற்ற நம் பெண் மக்களின் பெயர் அவர்கள் முதல் போட்ட கடையின் கணக்கில்கூட ஏறவில்லை.

ரஜுலாக் கப்பல் 1970-களின் தொடக்கம் வரை நாகப்பட்டினத்துக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் ஓடிற்று. நம் பாட்டன்மார் அதில் ஏறி வந்து, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊர் திரும்பினார்கள். இங்கே அவர்கள் வைத்த கடையைப் பற்றிப் பேசுகிறோம். அங்கே பிள்ளைகளை வளர்த்து, மாமியாருக்குப் பணிவிடை செய்து, வந்த மணியார்டரில் மிச்சம் பிடித்து மனை வாங்கிப் போட்டவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. அந்த மனையும் பெரும்பாலும் கணவன் பெயரிலேயே பதிவாயிற்று. என் பாட்டியாரின் கையில் நான் கண்ணாடி வளையலைத் தவிர வேறொன்றும் பார்த்ததில்லை. தங்க வளையல் எங்கே என்று சிறுவயதில் கேட்டேன். “மலாயாவுல கடையா இருக்கு” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பின் பொருள் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

வீட்டு உழைப்புக்கும் மதிப்பு உண்டு என்பதை இந்நாடுகளின் ஷரீஅத் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டுள்ளன. மலாய் வழக்கில் ஹார்த்தா செப்பென்சாரியான் என்று சொல்லுவார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து தேடிய சொத்து என்பது பொருள். மலேசியாவில் கூட்டரசுப் பிரதேசத்துக்கான 1984-ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டத்தின்படி, சொத்தை ஒருவர் மட்டுமே சம்பாதித்திருந்தாலும், மற்றவர் வீட்டைப் பார்த்தும் பிள்ளைகளைப் பேணியும் செய்த உதவியை மணவிலக்கின்போது நீதிமன்றம் கணக்கில் எடுக்கும். சிங்கப்பூரில் 1958 முதல் ஷரீஅத் நீதிமன்றம் நடந்து வருகிறது. இங்கும் மணவிலக்கில் சொத்தைப் பிரிக்கும்போது அவ்வுழைப்பு பார்க்கப்படுகிறது. வழக்கு மன்றத்துக்குப் போனபின் கிடைக்கும் மதிப்பை, அன்பாக வாழும்போதே நாம் கொடுத்தால் என்ன?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

நிற்க. இப்போது பேரேட்டை விரிப்போம். உஹது யுத்தத்தில் (ஹிஜ்ரி 3, அதாவது 625-ஆம் ஆண்டு) ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். அவர்களின் மனைவி இரண்டு பெண் மக்களை அழைத்துக்கொண்டு நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தார். பிள்ளைகளின் சிறிய தந்தை சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டதாக முறையிட்டார். அதன்பின் பாகப்பிரிவினை வசனம் இறங்கிற்று. பெண் மக்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டு, அவர்கள் தாய்க்கு எட்டில் ஒன்று, எஞ்சியது சிறிய தந்தைக்கு என்று தீர்ப்பாயிற்று. நான் முதலில் சொன்ன குடும்பமும் இதே அமைப்புத்தான்.

விளங்குவதற்காக ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். கடையின் நிகர மதிப்பு 72,000 வெள்ளி. அதில் மனைவியின் நகை 20,000 வெள்ளி. கொடுக்காமல் நின்ற மஹர் 4,000 வெள்ளி.

எழுத்து இல்லாவிட்டால் என்ன நடக்கும்? 72,000 வெள்ளியும் மையித்தின் சொத்து. மனைவிக்கு எட்டில் ஒன்றாக 9,000, பெண் மக்களுக்கு 48,000, சகோதரர்களுக்கு 15,000.

எழுத்து இருந்தால் என்ன நடக்கும்? பங்கு பிரிக்குமுன் கடனைத் தீர்க்க வேண்டும் என்பது அதே அத்தியாயத்தின் 11, 12-ஆம் வசனங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆகவே முதலில் நகைக் கடன் 20,000, மஹர்க் கடன் 4,000 மனைவிக்குப் போகும். எஞ்சியது 48,000. அதில் மனைவிக்கு எட்டில் ஒன்றாக 6,000, பெண் மக்களுக்கு 32,000, சகோதரர்களுக்கு 10,000. மனைவி பெறுவது மொத்தம் 30,000 வெள்ளி.

9,000 எங்கே, 30,000 எங்கே? 21,000 வெள்ளி ஒரு விதவையின் கையிலிருந்து போய்விட்டது. யாரும் திருடவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு வரி எழுதாததால் போயிற்று. அதில் 5,000 வெள்ளி சகோதரர்களின் வீட்டுக்கு அவர்களும் அறியாமல் போய்ச் சேர்ந்தது. பிறர் பொருள் தம் வீட்டில் கிடப்பதை அவர்கள் விரும்புவார்களா? எழுதி வைக்காதவர் மனைவிக்கு மட்டுமன்றித் தம் உடன் பிறந்தாருக்கும் தீங்கு செய்தவராகிறார்.

கடன் என்பது இலேசான காரியமன்று. கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் தாம் தொழ வைக்காமல் நின்றார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பிறகே தொழ வைத்தார்கள். மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டியது மட்டும் கடன், மனைவிக்குக் கொடுக்க வேண்டியது கடனல்ல என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

எழுதும் முறை

திருமறையில் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? இரண்டாம் அத்தியாயம் 282-ஆம் வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. சிறியதாயினும் பெரியதாயினும் எழுதுவதில் சலிப்படையாதீர்கள் என்ற கருத்து அதில் இருக்கிறது. கணவன் மனைவிக்கு இது வேண்டாம் என்ற விலக்கு அதில் இல்லை.

மனைவியின் நகை கணவன் கைக்கு வருவது நான்கு வகையில் இருக்கலாம்.

முதலாவது, அமானத். பத்திரமாக வைக்கக் கொடுத்தது. இதைத் தொடவே கூடாது.

இரண்டாவது, கர்ளு, அதாவது கடன். தங்கமாக வாங்கி அதை நாம் விற்றுக்கொண்டால் அதே எடைத் தங்கமாகத் திருப்ப வேண்டும். அவளே விற்றுப் பணமாகக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் திருப்ப வேண்டும். இதை முதலிலேயே தெளிவாக எழுத வேண்டும். பவுன் விலை ஏறிய பிறகு பேசினால் மனக்கசப்புத்தான்.

மூன்றாவது, பங்கு. கதீஜா நாயகியார் செய்தது போல முதல் அவளுடையது, உழைப்பு நம்முடையது. இலாபத்தில் அவளுக்கு எத்தனை பங்கு என்று பேசி எழுத வேண்டும். நஷ்டமும் முதலைத் தாக்கும் என்பதை அவளுக்குச் சொல்லிவிட வேண்டும்.

நான்காவது, ஹிபா, அதாவது இனாம். மனமுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இது இனாம்தான் என்று அவள் வாயால் சொல்ல வேண்டும். நாம் ஊகித்துக்கொள்ளக் கூடாது.

இவற்றில் எது என்பதைத் தேதியுடன் பேரேட்டின் முதல் பக்கத்தில் அவள் பெயரில் தனிக் கணக்காக எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நகல் அவள் பெட்டியில் இருக்கட்டும். கொடுக்காமல் நிற்கும் மஹரும் கடனாதலால் அதையும் கொடுக்க வேண்டிய கணக்கில் சேருங்கள். நிக்காஹ் தப்தரில் எழுதியிருப்பதால் போதும் என்று இருக்க வேண்டாம்.

நம்மவர் சொல்லும் சமாதானங்கள்

கணவன் மனைவிக்குள் கணக்குப் பார்ப்பது மானக்கேடு என்று சிலர் சொல்கிறார்கள். கூடப் பிறந்த சகோதரனோடு கூட்டு வியாபாரம் செய்யும்போது கணக்கு எழுதுகிறோம். அங்கே மானம் போகவில்லை. கணக்கு சுத்தமாக இருந்தால் உறவும் சுத்தமாக இருக்கும் என்று நாம்தானே கடைப் பையன்களுக்குச் சொல்கிறோம்?

அவளுக்குத்தானே இத்தனை நாளும் செலவு செய்கிறேன் என்று சிலர் சொல்கிறார்கள். உணவும் உடையும் இருப்பிடமும் கொடுப்பது கணவன் மீது தனிக் கடமை. மனைவி செல்வச் சீமாட்டியாக இருந்தாலும் அக்கடமை நீங்காது. செய்ய வேண்டிய கடமையைச் செய்துவிட்டு, அதை வாங்கிய கடனுக்கு ஈடாகக் கழிக்க முடியாது.

அவள் கேட்கவே இல்லையே என்று வேறு சிலர் சொல்கிறார்கள். கேட்காதவள் உரிமை இழந்தவள் அல்லள். கேட்கத் துணியாத இடத்தில் அவளை நாம் வைத்திருக்கிறோம் என்பதே அதன் பொருளாக இருக்கலாம்.

என் கணக்கு

அன்றிரவு உறக்கம் வரவில்லை என்றேன் அல்லவா? கடையை மூடிய பின் அலமாரியின் அடியிலிருந்து என் முதல் பேரேட்டை எடுத்தேன். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் எழுதியது. முதல் பக்கத்தின் தலையில் பிஸ்மில்லாஹ். அதன் கீழே என் கையெழுத்தில் ‘சொந்த முதல் வெள்ளி 15,000’ என்று இருந்தது. அதில் 9,000 வெள்ளி என் மனைவியின் 18 பவுன் நகையை விற்று வந்தது. அல்லாஹ்வின் பெயருக்குக் கீழே நான் முதல் வரியிலேயே பொய் எழுதியிருக்கிறேன்.

மறுநாள் இரவு மனைவியிடம் பேரேட்டை வைத்துக் கேட்டேன். இனாமாகத்தான் கொடுத்திருப்பாள் என்று என் மனம் முன்பே தீர்மானித்திருந்தது. அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அன்னைக்கு நீங்களும் கேக்கல, நானும் சொல்லல. இனாம்னு நான் நினைக்கல. பிள்ளைக்கு ஆகும்னு வச்சிருந்த நகை அது” என்றாள். பதினான்கு ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தும் நான் அறியாத செய்தி அது.

ஆலிம் ஒருவரிடம் போய்க் கேட்டேன். அவள் கொடுத்தது தங்கம், நீர் விற்றுக்கொண்டீர், ஆகவே 18 பவுன் தங்கமே உம் மீது கடன் என்றார். இன்றைய விலையில் அது 9,000 வெள்ளியில் முடிகிற காரியமன்று. முதலில் எனக்கு மலைப்பாக இருந்தது. பிறகு நினைத்தேன்: இந்தப் பதினான்கு ஆண்டும் இக்கடன் என் தலைமேல்தான் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. இப்போது ஆண்டுக்கு இரண்டு பவுன் வீதம் திருப்பிக் கொடுத்து வருகிறேன். பேரேட்டில் அவள் பெயரில் ஒரு பக்கம் இருக்கிறது. முதல் இரண்டு பவுனைப் பற்று எழுதிய நாளில், அவள் பக்கத்தில் வந்து நின்று அந்த வரியைப் படித்துப் பார்த்தாள். தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் தேநீர் போடப் போய்விட்டாள்.

பாடம் முடிந்தது. வியாபாரச் சகோதரர்களுக்கு இம்மாதம் செய்யும்படி மூன்று வேலைகளை வைக்கிறேன். ஒன்று, உங்கள் முதல் பேரேட்டைத் திறந்து, சொந்த முதல் என்று எழுதியதில் யார் யாருடைய பணம் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு, மஹர் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று, வீட்டில் உட்கார்ந்து வாய் திறந்து கேளுங்கள். பதில் எதுவானாலும் அவர்கள் பெயரில் எழுதுங்கள். ஐந்தொகை போட ஆண்டு முடிவு வரை காத்திருக்கலாம். இதற்குக் காத்திருக்க முடியாது. மௌத்து நம்மிடம் கெடு கேட்டு வருவதில்லை.

வாங்கியதை மறவாமல் எழுதவும், எழுதியதைத் திருப்பிக் கொடுக்கவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக. ஆமீன்.